நோர்மன் அண்ணைக்குக் காய்ச்சின பியர்

கையை எடுக்கக் கூடாதாம். கிண்டிக்கொண்டே நிக்கவேணுமாம். சொல்லிப்போட்டு மகாராசா வீட்டுக்கு அடியிலை இருக்கிற செல்லருக்கை இறங்கிப் போட்டார். ஒரு சட்டி சீனி, அதுக்குள்ளை தேசிக்காய்ப் புளி கொஞ்சம், தண்ணி கொஞ்சம், நெருப்பு இருக்கிறதும் தெரியக்கூடாது இல்லாததும் தெரியக்கூடாது, அப்பிடி ஒரு நெருப்பு. முதல் வைக்கோல் நிறத்துக்கு வருமாம், பிறகு தேன், பிறகு பனங்கட்டி. "லோசி, பனங்கட்டியோடை பயந்து இறக்கிப்போடாதை, அதுக்கு அங்காலையும் போகவேணும், கறுக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாலை பிடிக்கவேணும்" எண்டு என்ரை மனுசன் எனக்குப் பாடம் எடுக்கிறார். சபாபதி மாஸ்டர். ஊரிலை கெமிஸ்ட்ரி படிப்பிச்ச பழக்கம், இஞ்சை இங்கிலாந்திலை டட்லிக்கு வந்து இத்தனை வருசம் இரும்பு வார்க்கிற வேலைத்தலத்திலை கிடந்து வெந்தும் போகேல்லை. பயத்தம் பணியாரத்துக்கும் பொரிவிளாங்காய்க்கும் பாகு பதம் பாத்த கைக்குப் பியருக்கு ஊத்தப் பாகு காய்ச்சச் சொல்லித் தாறார், பாருங்கோவன். அதுவும் ஆருக்கு? செத்துப்போன ஆளுக்கு, இவரோடை அந்த வேலைத்தலத்திலை ஒண்டா நிண்ட வெள்ளைக்காரச் சிநேகிதனுக்கு. இஞ்சை எரிக்க நாள் கிடைக்கக் கிழமைக்கணக்காகும், வாற வெள்ளிக்கிழமைதான் நோர்மன் அண்ணையைக் கொண்டுபோய் எரிக்கப்போயினம், அண்டைக்கு வாற சனத்துக்கு அவர் ஆசைப்பட்டுக் குடிச்ச மைல்ட் தான் ஊத்தவேணும் எண்டு இந்தாள் ஒற்றைக்காலிலை நிக்குது. மைல்ட் எண்டால் சாதுவான பியர் எண்டுதான் இவ்வளவு காலமும் நானும் நினைச்சிருந்தன். இல்லையாம். அந்தக் காலத்திலை மைல்ட் எண்டால் இளசாம், காய்ச்சி ஒரு கிழமை பத்து நாளிலை குடிக்கிறது, கிடந்து புளிச்சதுக்கு வேறை பேராம். இஞ்சத்தை இரும்பு வேலைக்காரர் நெருப்போடை நிண்டு வேர்த்துப்போட்டு வந்து அண்டா அண்டாவாக் குடிச்ச சாமானாம். இப்ப ஒரு கடையிலையும் இல்லை. வேலை விட்ட பிறகு இரண்டு கிழடுகளும் சேர்ந்து, ராணி காலத்து மைல்ட், சண்டைக் காலத்துத் தண்ணி மைல்ட், அதுக்கும் முந்தின கடும் மைல்ட் எண்டு ஒவ்வொண்டாக் காய்ச்சிப் பாத்துக்கொண்டு திரிஞ்சுதுகள். பேரப்பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு திரியிற வயசு. சரி, திரிஞ்சாலும் திரியட்டும், வீட்டோடை தானே கிடக்குதுகள் எண்டு நானும் விட்டிட்டன்.

வைக்கோல் நிறம் வந்திட்டுது. சனிக்கிழமை. அதுதான் நெஞ்சுக்குள்ளை கிடந்து அரிக்குது. நோர்மன் அண்ணை போனதும் சனிக்கிழமை, இண்டைக்கும் சனிக்கிழமை. சனிப்பிணம் தனிப்போகாது எண்டு சும்மாவோ சொல்லி வைச்சவை? ஊரிலை எண்டால் பாடையிலை ஒரு கோழிக்குஞ்சைக் கட்டி விட்டிருப்பினம், துணை கிடைச்சிட்டுது எண்டு பிணம் பேசாமல் போயிடும். இஞ்சை நான் ஆரிட்டைப் போய்க் கோழிக்குஞ்சு கேக்கிறது? கேட்டாலும் இந்த வெள்ளைக்காரர் நாய்க்கும் பூனைக்கும் சட்டம் வைச்சிருக்கிற ஆக்கள், கோழிக்குஞ்சைப் பெட்டிக்குள்ளை வைச்சு எரிக்கப்போறன் எண்டால் என்னைத்தான் பிடிச்சு அடைப்பினம். அதாலைதான் முட்டை. சவப்பெட்டிக்காரர் அவருக்குக் கோட்டுப் போட்டு, ரை கட்டி, கன்னத்துக்கு ஏதோ ரோஸ் நிறத்திலை பூசி, வந்து பாருங்கோ எண்டு விட்டவை. இந்தாள் வெளியிலை அவங்களோடை கதைச்சுக்கொண்டு நிக்க, நான் மெல்லமா முட்டையை எடுத்துக் கோட்டுப் பொக்கற்றுக்குள்ளை வைச்சிட்டன். "அண்ணை, இதுதான் உங்களுக்குத் துணை, இதோடை திருப்திப்படுங்கோ, எங்கட வீட்டுப்பக்கம் திரும்பிப் பாக்கக்கூடாது" எண்டு தமிழிலைதான் சொன்னனான். செத்த ஆக்களுக்கு எல்லாப் பாசையும் விளங்கும். பிழை அங்கை இல்லை. பிழை எங்கையெண்டால், உடைஞ்சு வழிஞ்சால் கோட்டு நாறிப்போகும் எண்ட பயத்திலை நான் முட்டையை அவிச்சுக் கொண்டுபோனன். வீட்டை வந்து தேத்தண்ணிக் கோப்பையை வாயிலை வைக்கேக்கைதான் மண்டைக்குள்ளை இடி விழுந்தது. அவிச்ச முட்டைக்கு உயிர் ஏதடி, லோசனி? துணைக்குப் போறது உயிர் எல்லோ? பச்சை முட்டையாக் கொண்டுபோனாலும்தான் என்ன, சுப்பர்மார்க்கெற் முட்டை, சேவலைக் கண்ணாலை காணாத கோழி போட்டது. நோர்மன் அண்ணை லேசிலை ஏமாறுற ஆளில்லை. என்ரை நண்டுக்கறியைக் கையாலை குழைச்சுச் சாப்பிட்டு, முகம் செத்தல் மிளகாய் மாதிரிச் சிவந்து கண்ணாலை தண்ணி ஓட, "லவ், உன்ரை கறி என்னைக் கொல்லப்போகுது, இன்னொரு கரண்டி போடு" எண்டு கேக்கிற மனுசன். அந்த ஆள் அவிச்ச முட்டையை உப்பும் மிளகும் போட்டுச் சாப்பிட்டுப்போட்டு, சரி, துணை எங்கை எண்டு கேக்கும். ஆரைக் கேக்கும்? ஆரோடை பகல் முழுக்கக் குந்தியிருந்து கதைச்சாரோ அந்த ஆளைத்தான் கேக்கும். ஐயோ அம்மாளாச்சி, எனக்கு ஏன் இந்தப் புத்தி முட்டையை அடுப்பிலை வைக்க முன்னம் வரேல்லை.

கிண்டு, கிண்டு. அடியிலை பிடிச்சால் அதுக்கும் நான்தான் பேச்சு வாங்கவேணும். கீழை வாளி இழுபடுற சத்தம் கேக்குது. நுரை வழிக்கிறார். அண்டைக்கு நோர்மன் அண்ணையும் நுரை வழிக்கத்தான் இறங்கினவர். கிறிஸ்மஸுக்கெண்டு பெரிய பீப்பாய் இரண்டு நிறைய வைச்சிருந்தவை, பழைய முறையாம், மூடி இல்லாமல் மேலை துணியை மட்டும் போட்டு. இந்தாள் தேசிக்காய் வாங்கக் கடைக்குப் போட்டார், நான் மேலை உடுப்பு மடிச்சுக்கொண்டு இருந்தன். இந்தாள் திரும்பி வந்து கீழை இறங்கிப் பாத்தால் மனுசன் பீப்பாயிலை சாஞ்சபடி, கையிலை நுரைக் கரண்டி, நித்திரை மாதிரி. டொக்டர் வந்தார். வயசும் எண்பது, நெஞ்சுக்குள்ளை மெசின் வைச்ச ஆளும், இதயம் நிண்டு போச்சு எண்டிட்டுப் போட்டார். இந்தாளுக்கும் அண்டைக்குத் தலை சுத்தி, மூச்சு வாங்கி, நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு படியிலை இருந்திட்டார். அதிர்ச்சி எண்டு சொல்லிச்சினம். அதிர்ச்சியோ, இல்லை அவர் அப்பவே கையைப் பிடிச்சு இழுத்துப் பாத்தாரோ, ஆருக்குத் தெரியும்? பெஞ்சாதியும் போட்டா, பிள்ளையும் இல்லை, அந்த ஆளுக்கு ஆர் விளக்கு வைக்கப்போயினம்? அதாலை நான் வைச்சன். செத்தவர் கிடந்த இடத்திலை முப்பத்தொண்டாம் நாள் வரைக்கும் விளக்கு எரியவேணும். பீப்பாய்க்குப் பக்கத்திலை, அவர் சாஞ்சிருந்த அதே நிலத்திலை, சின்ன விளக்கு. வைச்சு நிமிர முந்தி நூந்து போச்சு. திரியை மாத்தினன், எண்ணெய் மாத்தினன். நூந்து போச்சு. பிறகு இந்தாள் மனவேதனையிலை அந்தப் பியர் முழுக்கத் தூக்கிக் கானுக்குள்ளை ஊத்தினார். ஊத்தி இரண்டாம் நாள், விளக்கு குத்துக்கல்லு மாதிரி நிண்டு எரியுது. கிழமைக்கணக்கா எரிஞ்சுது. சரி, ஆத்துமா சாந்தியாகிட்டுது எண்டு நானும் நிம்மதியா மூச்சு விட, இந்தாள் செத்தவீட்டுக்குப் புதுசாக் காய்ச்சி, அதே இரண்டு பீப்பாயையும் நிரப்பிச்சுது. நுரை எழும்பின அண்டைக்கே விளக்கு திரும்ப நூந்து போச்சு. யோசிச்சுப் பாருங்கோ. பியர் இல்லாட்டி விளக்கு எரியுது, பியர் இருந்தால் நூருது. வேறை என்ன அர்த்தம்? பியர் இருக்கிற இடத்திலை அவர் இருக்கிறார். மணம் பிடிச்சு வந்திட்டார். இண்டைக்குக் காலமையும் குனிஞ்சு விளக்கு வைக்கேக்கை மூக்குக்குள்ளை சுரீரெண்டு குத்தினது, சோடா குடிச்சுப் புரைக்கேறினமாதிரி, நெஞ்சு படபடவெண்டு அடிச்சுது. ஆரோ முகத்துக்குக் கிட்ட முகத்தை வைச்சு மூச்சு விடுகினம் எண்டு நினைச்சன். விழுந்தடிச்சு மேலை ஓடிவந்து சொன்னால், இந்தாள் சிரிக்குது. "ஈரத்துக்குத் திரி பிடிக்காதடி, லோசி. விசர்க்கதை கதையாமல் போய்ச் சீனியைப் பார்."

தேன் நிறம். வடிவான நிறம்தான், இல்லையெண்டு சொல்லமாட்டன். கதைக்கிறார். கீழை கதைக்கிறார். அது இப்ப புதுசில்லை, நோர்மன் அண்ணை போன நாள் துவக்கம் இந்தாள் கீழை வேலை செய்யேக்கை அவரோடை கதைக்கிறது வழக்கமாப் போச்சு. "பாரடா நுரையை, காலிஃபிளவர் மாதிரி நிக்குது" எண்டு இங்கிலீசிலை சொல்லுவார். சரி, மனவேதனை, கதைச்சால் ஆறும் எண்டு நானும் கேக்காதமாதிரி விடுறது. ஆனால் இண்டைக்குக் கதை வேறைமாதிரிக் கேக்குது. ஒரு வசனம் சொல்லுறார், நிப்பாட்டுறார், பிறகு சிரிக்கிறார். தனிய நிண்டு கதைக்கிற மனுசன் தன்ரை கதைக்குத்தானே சிரிக்கும்? இது மறுமொழியைக் கேட்டுச் சிரிக்கிற சிரிப்பு. "இஞ்சாருங்கோ" எண்டு கூப்பிட்டன். "ம்ம்ம்." "என்ன செய்யிறியள் இவ்வளவு நேரமா?" பீப்பாய் இரண்டும் ஸ்ஸ்ஸ் எண்டு இரையிறது தரைப்பலகையாலை கேக்குது, மழை வரமுந்திக் கடல் தூரத்திலை இரையிறமாதிரி. அதுக்குள்ளாலை இன்னொரு சத்தம். மூச்சுச் சத்தம். ஓடிவந்த ஆள் இளைக்கிறமாதிரி, ஆ, ஆ, ஆ எண்டு. என்ரை மனுசனுக்கு இளைப்பு வருத்தம் இல்லை. அப்ப அது ஆற்றை மூச்சு? கையை எடு லோசனி, போய்ப் பார். எடுத்தால் பாகு கருகும். கருகினால் கருகட்டும். கால் நகர மாட்டன் எண்டுது. பயமடி உனக்கு, சும்மா பாகிலை பழியைப் போடாதை. கதவைத் திறந்தால், கீழை இரண்டு பேர் இருந்தால் என்ன செய்வாய்? மூண்டாவது கதிரையை இழுத்துப் போட்டு நீயும் இருப்பியோ? கலியாணம் முடிச்ச புதுசிலை இந்தாளுக்கு நெருப்புக் காய்ச்சல் வந்து கிடந்தது. அண்டைக்கும் இப்பிடித்தான் காலடியிலை குந்தியிருந்து மூச்சை எண்ணிக்கொண்டு இருந்தன், அப்ப எனக்கு இந்தாளை அவ்வளவாப் பிடிக்கவும் பிடிக்காது, ஆனாலும் விடிய விடிய எண்ணினன். எப்ப பிடிச்சது எண்டு கேட்டால் தெரியாது. இந்த நாட்டுக்கு வந்து முதல் குளிருக்குத் தன்ரை காலுறையைக் கழட்டி என்ரை கையிலை மாட்டிவிட்டதே, அண்டைக்கா இருக்கும். நாறின காலுறை. பனங்கட்டி நிறம் வந்திட்டுது. இப்ப சிரிப்பும் இல்லை. மூச்சு மட்டும் கேக்குது. பிறகு இந்தாளின்ரை குரல், குழந்தைப்பிள்ளை நித்திரைக் கலக்கத்திலை சொல்லுறமாதிரி, மெல்லமா, இங்கிலீசிலை: "வாறன் மேட். கொஞ்சம் பொறு. இதோ வாறன்."

எனக்கு வந்த கோவத்திலை பயம் எங்கை போச்சுதோ தெரியாது. எங்கையடா வரச்சொல்லிக் கூப்பிடுறாய் என்ரை மனுசனை? சாமித்தட்டிலை எரிஞ்சுகொண்டிருந்த விளக்கைத் தூக்கினன், ஒரு கையிலை அகப்பை, ஒரு கையிலை விளக்கு, கதவைக் காலாலை தள்ளித் திறந்தன். செல்லர் லைற் எரியுது. மேலை நிண்டு பாக்க இந்தாள் தெரியுது. பீப்பாய்க்குப் பக்கத்திலை அந்தக் குட்டை ஸ்ரூலிலை இருக்கிறார், முதுகு சாஞ்சிருக்கு, கரண்டி மடியிலை, முகத்திலை ஒரு சிரிப்பு. கண் திறந்திருக்கு. என்னைப் பாக்கேல்லை. தனக்கு முன்னாலை இருக்கிற ஆரையோ பாக்கிறார், அங்கை ஒருத்தரும் இல்லை. "இஞ்சாருங்கோ, எழும்பி வாங்கோ மேலை." பாக்கேல்லை. விளக்கை முன்னாலை கீழை பதிச்சு நீட்டிக்கொண்டு இறங்கினன், நெருப்பைக் கண்டால் எட்ட நிப்பினம் எண்டு. பாதிப் படி தாண்டினன். சுடர் நீண்டுது, திரியை விட்டு எழும்பித் தனியா நிண்டுது, நூந்து போச்சு. காத்து அசையேல்லை, ஆரும் ஊதேல்லை. மேலை ஏறி, இடுப்பிலை செருகியிருந்த லைற்றராலை பத்த வைச்சன், வடிவா எரியுது. திரும்ப இறங்கினன். அதே படியிலை நூந்து போச்சு. அங்கை ஒரு கை நிக்குது, இதுக்கு மேலை நீ வரக்கூடாது எண்டு. முட்டை, அண்ணை, முட்டை பிழைச்சுப் போச்சு, வேறை என்ன வேணுமெண்டாலும் தாறன், இந்தாளை விடுங்கோ எண்டு வாய்விட்டு அழுதுகொண்டு நிக்கிறன், அப்பதான் புகையைக் கண்டன். நூந்த திரியிலை இருந்து வாற புகை மேலை வரேல்லை. கீழையும் போகேல்லை. என்ரை முழங்கால் மட்டத்திலை, தண்ணிக்கு மேலை பாசி கிடக்கிறமாதிரி, மட்டமாப் பரந்து கிடந்து ஆடுது. தண்ணி. அங்கை தண்ணி நிக்குது, கண்ணுக்குத் தெரியாத தண்ணி. கிணறு. சின்னமாமா. ஊரிலை புகையிலைத் தோட்டத்துப் பாழ்கிணத்துக்குள்ளை வாளி விழுந்து, ஆக்கள் இறங்கவெண்டு வெளிக்கிட, சின்னமாமா எல்லாரையும் தள்ளி விட்டிட்டு அரிக்கன் லாம்பைக் கயித்திலை கட்டி இறக்கினவர். பாதிக் கிணத்திலை லாம்பு நூந்தது. "ஒருத்தரும் இறங்காதேங்கோ, கீழை காத்துச் செத்துக் கிடக்கு" எண்டவர். காத்துச் செத்துக் கிடக்கு. நோர்மன் அண்ணை இல்லை. காத்து. பீப்பாய் இரண்டும் நாள் முழுக்க விட்ட மூச்சு வெளியிலை போக வழியில்லாமல் நிலத்திலை இருந்து நிறைஞ்சு, குட்டை ஸ்ரூலிலை இருக்கிற மனுசன்ரை கழுத்தைத் தாண்டி நிக்குது. கெமிஸ்ட்ரி மாஸ்டருக்குத் தெரியாததோ இது? நல்லாத் தெரிஞ்ச மனுசன். நான் விளக்கு விளக்கு எண்டு கத்தினதாலை அது விசர்க்கதையாப் போச்சு இந்தாளுக்கு. எனக்கு அது பேயாப் போச்சு.

"எழும்பி நில்லுங்கோ! நிண்டால் போதும்! எழும்புங்கோ!" சிரிச்சுக்கொண்டு இருக்கிறார். சின்னமாமா ஒரு வேப்பங்கொப்பைக் கயித்திலை கட்டி மேலையும் கீழையுமா இழுத்துக் கிணத்தைக் கலக்கினவர், காத்துப் போக வழி வேணும் எண்டு. வழி. அந்தக் காலத்திலை றோட்டாலை செல்லருக்குள்ளை கரி கொட்டுற ஓட்டை. முந்தி அதாலை றோட்டு வெளிச்சம் செல்லருக்குள்ளை விழும், இப்ப அங்கை இருட்டு. வெறுங்காலோடை முன்வாசலாலை ஓடினன். பனி, கால் வெட்டுது, றோட்டிலை ஒரு குருவி இல்லை. போனைத் தட்டி அம்புலன்சுக்காரிக்கு வீட்டு இலக்கத்தைக் கத்திப்போட்டு எறிஞ்சன். அகப்பைக் காம்பை விட்டு ஓட்டையின்ரை இரும்பு மூடியை நெம்பினன், கீழை எங்கட பழைய கம்பளி, பந்தாச் சுருட்டி இறுக்கி அடைச்சிருக்கு. குளிருக்கு, பியரைப் பொங்க வைக்கிற ஈஸ்ட் நித்திரையாப் போயிடுமாம், அதுக்காக. இழுத்தன், நகம் போச்சு, வந்திட்டுது. ஓடிவந்தன். காத்து மாறும் வரைக்கும் பொறுக்கலாமோ? ஒருத்தரை எடுக்க இன்னொருத்தர் இறங்கி, அவரை எடுக்க மற்றவர் இறங்கிச் செத்த கதை எத்தினை கேட்டிருப்பன். ஆனால் அங்கை சிரிப்பு நிண்டு தலை ஒரு பக்கம் சாயுது. இவ்வளவு காலமும் இந்தாள் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்ட வரம், கொஞ்ச நேரம் வாயை மூடு எண்டு. மூடினன். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு இறங்கினன். கத்தேலாது, பேசேலாது. இடுப்புச் சதையைப் பிடிச்சு முறுக்கி ஒரு நுள்ளு நுள்ளினன், ஆட்டுக்கடாவும் எழும்பும். "ஆ" எண்டு எழும்பினார். கமக்கட்டுக்குள்ளை தோளைக் குடுத்துத் தள்ளினன், படி, படி, இன்னொரு படி, கண்ணுக்குள்ளை பூச்சி பறக்குது, நெஞ்சு வெடிக்குது, கதவு.

குசினி நிலத்திலை கிடக்கிறம் இரண்டு பேரும். பின்கதவு விரியத் திறந்திருக்கு. பாகு கரியாப் போச்சு, முகட்டிலை இருக்கிற புகை அலாரம் கிடந்து கத்துது, அடுப்பை நூத்துப்போட்டு அதைத் தும்புக்கட்டையாலை அடிச்சு விழுத்தினன். இந்தாள் சத்தி எடுத்தார், இருமினார், சொண்டிலை நிறம் வரத் துவங்கிட்டுது. நான் அழுதுகொண்டு ஏசுறன், ஏசிக்கொண்டு அழுறன், "விசரா, மூதேவி, உங்களைச் சாகவிட்டிட்டு நான் இந்தக் குளிருக்கை ஆரோடை கத்திக்கொண்டு இருக்கிறது" எண்டு வாயிலை வந்த எல்லாம். கோவமும் இல்லை, சிரிப்பும் இல்லை. சுவரைப் பாத்தபடி இருக்கிறார். கணக்குப் பாக்கிற முகம் அது, எனக்குத் தெரியும். "கம்பளியை எடுத்திட்டியோ?" எண்டார். "எடுத்தெறிஞ்சிட்டன்." வாயைத் துடைச்சுப்போட்டுச் சொன்னார், "லோசி, அண்டைக்கும் நான்தான் அடைச்சனான். கடைக்குப் போக முந்தி. நோர்மன் வேண்டாம் எண்டவன். காத்து வரட்டும் விடு எண்டவன். நான் கேக்கேல்லை." தன்ரை கையை விரிச்சுப் பாத்தார். "அவன் இதயத்தாலை சாகேல்லை, லோசி."

இப்ப எனக்குக் கீழை இருந்த பயம் ஒண்டும் பயமில்லை. இதுதான் பயம். இந்த முகத்தை நான் கண்டதில்லை. சனிப்பிணம் இனி இந்தாளை வந்து இழுக்கத் தேவையில்லை, இந்தாள் தானா எழும்பி நடந்து போயிடும். இண்டைக்கில்லாட்டி நாளைக்கு, நாளைக்கில்லாட்டி வாற மாசம், ஒரு கோப்பை சோத்துக்கு முன்னாலை இருந்துகொண்டே போயிடும். "விசர்க்கதை கதையாதேங்கோ" எண்டன். "நீங்கள் அடைச்சது எனக்குத் தெரியும். நீங்கள் கடைக்குப் போன கையோடை நான் போய் அதை இழுத்து விட்டிட்டன். அந்த மணத்துக்குக் குசினிக்குள்ளை நிக்கேலாமல்." என்னைத் திரும்பிப் பாத்தார். "நீயோ?" "நான்தான். பிறகு நீங்கள் ஏசுவியள் எண்டு, அந்த அமளி எல்லாம் அடங்கினாப்போலை திரும்ப அடைச்சு விட்டன்." "அப்ப ஏன் உன்ரை விளக்கு நூந்தது, அடுத்த நாள்?" "அது அடைச்சதுக்குப் பிறகு தானே. அண்ணை போகேக்கை அது திறந்துதான் கிடந்தது. அவருக்கு இதயம். டொக்டர் சொன்னவர்." தூரத்திலை அம்புலன்ஸ் சத்தம் கேக்குது. இந்தாள் என்ரை கையை எட்டிப் பிடிச்சார். கோயில் வாசலிலையும் செருப்புக் கழட்ட அலுப்புப்படுற மனுசன், சாமி சத்தியம் ஒண்டையும் ஒருநாளும் நம்பாத மனுசன், "என்ரை தலையிலை கை வைச்சுச் சொல்லு" எண்டார். தலையிலை கை வைச்சுப் பொய்ச் சத்தியம் செய்தால் அந்தத் தலை தப்பாது. சின்னப்பிள்ளைக்கும் தெரியும் அது. சனிக்கிழமையிலை, செத்தவர் இன்னும் போகாத வீட்டிலை. "சொல்லு லோசி." சின்னப்பிள்ளை மாதிரி என்னையே பாத்துக்கொண்டு இருக்கிறார். கையைத் தூக்கி வைச்சன். தலை வேர்த்துக் குளிர்ந்து கிடந்தது. "சத்தியமா அண்டைக்கு அது திறந்துதான் கிடந்தது" எண்டன்.